முழங்கால் உயரச் சுவரைப் பார்க்க இவ்வளவு தூரமா? – நாகார்ஜுனகொண்டா போய் வந்தவனின் சந்தேகம்

ஓட்டைக்குடை | ஞாயிறு, இரவு 9.40

போன வாரம் குடும்பத்தோடு ஆந்திராவில் இருக்கும் பழைய பௌத்த இடமான நாகார்ஜுனகொண்டா போய் வந்தோம். திட்டுவதற்காக எழுதவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறேன்.

சென்னையிலிருந்து ராத்திரி ரயிலில் குண்டூர். அங்கிருந்து வண்டி வைத்து மாச்சர்லா வழியாக விஜயபுரி சவுத் படகுத்துறை. படகு நிரம்பினால்தான் கிளம்பும் என்றார்கள், ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். ஏரி நடுவே முக்கால் மணி நேரப் பயணம். அது அருமை, குறை சொல்ல மாட்டேன். தீவில் இறங்கியதும் படகுக்காரர், "ஒரு மணி நேரம்தான், லேட்டானால் போய்விடுவோம்" என்றார்.

அருங்காட்சியகம் நன்றாக இருந்தது. வெளியே வந்தால் எங்கே பார்த்தாலும் முழங்கால் உயரச் சுவர். கட்டம் கட்டமாக. நடுவில் உடைந்த தூண்கள். கூட வந்த வழிகாட்டி எதைக் காட்டினாலும் "இது யுனிவர்சிட்டி சார்" என்றார். என் பெண் அந்தச் சுவர்மேல் ஏறி நடந்து காவலாளியிடம் திட்டு வாங்கினாள். என் மனைவி சொன்னது: "யாரோ வீடு கட்ட ஆரம்பித்து, காசு இல்லாமல் பாதியில் விட்ட மாதிரி இருக்கு."

இதில் என்ன பார்க்க வேண்டும்? ஒரு கோயிலுக்குப் போனால் சிற்பம் பார்க்கலாம், கோபுரம் பார்க்கலாம். இங்கே?

---

மேஸ்திரி மகன் | ஞாயிறு, இரவு 10.25

உங்கள் வீட்டம்மா சொன்னதுதான் சரியான பார்வை. அதையே பிடித்துக்கொண்டு போயிருந்தால் பாதி புரிந்திருக்கும்.

சொந்தக்காரர் யாராவது புதுவீடு கட்டும்போது அஸ்திவாரம் போட்டு ரெண்டடி சுவர் எழுந்ததும் நம்மைக் கூட்டிப் போய்க் காட்டுவார். "இது ஹால், இது சமையல்கட்டு, இங்க பாத்ரூம்" என்பார். நமக்கும் புரியும். எப்படி? வாசல் எங்கே, தண்ணீர் எங்கே வருகிறது, எங்கே போகிறது என்பதை வைத்து. விகாரையும், அதாவது பௌத்தத் துறவிகள் தங்கிய மடமும், அதே கதைதான்.

அடுத்த தடவை இப்படிப் பாருங்கள். முதலில் நடுமுற்றத்தில் போய் நில்லுங்கள். அதைச் சுற்றி மூன்று பக்கமும் ஒரே அளவில் சின்னச் சின்ன அறைகள் வரிசையாக இருக்கும். அவை பிக்குகள் தங்கிய அறைகள். முற்றத்தின் நடுவே தூண் வைத்த மண்டபம் இருந்தால் அது எல்லோரும் கூடும் இடம். அந்த வரிசையில் சேராமல் தனியாக, வேறு அளவில் ஒரு கட்டடம் ஒதுங்கி நின்றால் அது பெரும்பாலும் சாப்பாட்டுக்கூடமோ சரக்கறையோ குளியல் இடமோதான். நாகார்ஜுனகொண்டாவில் நிறைய விகாரைகளில் நுழைவாயிலை ஒட்டி எதிரும் புதிருமாக இரண்டு கட்டடங்கள், பின்பக்கம் அரைவட்டமாக வளைந்து நிற்கும். ஒன்றில் ஸ்தூபி, அதாவது கும்பிடுவதற்காக எழுப்பிய குவிமாடம்; இன்னொன்றில் புத்தர் சிலை. அந்த வளைந்த சுவரைக் கண்டதும் அது கும்பிடும் இடம், குடியிருக்கும் இடமில்லை என்று தெரிந்துவிடும்.

அப்புறம் தரை. முற்றத்துத் தரையில் வாட்டம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். அந்த மூலையில் கட்டாயம் ஒரு சாக்கடை வாய் இருக்கும். நூறு பேர் மழைக்காலம் மூன்று மாதமும் வெளியே சுற்றாமல் ஒரே இடத்தில் தங்க வேண்டும் என்பது அவர்கள் விதி. மழையில் தங்குபவன் முதலில் யோசிப்பது புத்தரை இல்லை, தண்ணீர் எங்கே போகும் என்பதை.

என் அப்பா எந்தக் கோயிலுக்குப் போனாலும் மூலவரைக் கும்பிடுவதற்கு முன்னால் தண்ணீர் வெளியேறும் கோமுகத்தைத்தான் பார்ப்பார். அந்தப் பழக்கம் எனக்கும்.

---

மாதுங்கா மாமி | திங்கள், காலை 6.15

ஓட்டைக்குடை, நீங்கள் கடைசிப் பாடத்தை முதலில் படித்துவிட்டீர்கள்.

செங்கல் விகாரையில் மரமெல்லாம் போயாச்சு. கதவு, உத்தரம், கூரை, பாய், எதுவும் இல்லை. அதனால் பழக்கமில்லாத கண்ணுக்கு அது வெறும் சுவர். எங்கள் பம்பாயில் கன்ஹேரி இருக்கிறது, போரிவலி தேசியப் பூங்காவுக்குள். நூற்றுக்கு மேற்பட்ட குகைகள், எல்லாம் மலையைக் குடைந்தது. கிறிஸ்துவுக்கு முன் தொடங்கி ஆயிரம் வருஷம் ஆள் இருந்த இடம். கல்லில் வெட்டியதால் அந்த வீட்டுச் சாமான் எல்லாம் அப்படியே இருக்கிறது.

அறைக்குள் போனால் சுவரோடு சேர்த்து வெட்டிய கல் திண்ணை. அதுதான் படுக்கை. நம் தமிழில் 'பள்ளி' என்ற சொல்லுக்குப் படுக்கை என்றும் அர்த்தம், துறவிகள் தங்குமிடம் என்றும் அர்த்தம், பிறகு படிக்கும் இடம் என்றும் ஆச்சு. அந்தத் திண்ணையில் உட்கார்ந்தால் மூன்று அர்த்தமும் ஒன்றாகப் புரியும். வாசல்படியில் குனிந்து பாருங்கள், ஒரு மூலையில் சின்ன வட்டக் குழி. மேலேயும் அதே இடத்தில் ஒன்று. கதவின் குடுமி சுற்றிய குழி. கீல் வருவதற்கு முன்னால் எங்கள் தஞ்சாவூர் வீட்டிலும் குடுமிக் கதவுதான். விரலை விட்டுப் பார்த்தேன், உள்ளே வழவழவென்று இருந்தது.

பெரும்பாலான குகை வாசல்களில் ஒரு தண்ணீர்த் தொட்டி. கல்வெட்டில் அதற்கு 'போடி' என்று பெயர், யார் காசு கொடுத்து வெட்டினார்கள் என்பதுகூட எழுதியிருக்கும். 11ஆம் குகையில் நீளமாக இரண்டு தாழ்ந்த கல் மேடைகள். கல்யாண மண்டபப் பந்தி வரிசை போலவே இருக்கும்.

திங்கட்கிழமை மூடல். மறக்காதீர்கள்.

---

ஈயச்சொம்பு | திங்கள், காலை 11.05

பம்பாய்வரை போக முடியாதவர்கள் எழும்பூர் போங்கள். சென்னைக்காரர்கள் பாதிப் பேருக்குத் தெரியாது, ஆந்திராவின் அமராவதி ஸ்தூபியின் கல் பலகைகள் நம் அரசு அருங்காட்சியகத்தில்தான் நிற்கின்றன. 1845இல் வால்டர் எலியட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி தோண்டி அனுப்பியவை. அதில் ஒரு பகுதி கப்பலேறி இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

அந்தப் பலகைகளில் என்ன விசேஷம் என்றால், ஸ்தூபியின் மேலேயே ஸ்தூபியின் படத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். வேலி, வாசல், வாசலுக்கு நேரே ஐந்து தூண்கள், மேலே குவிமாடம், குடை, சுற்றிப் பறக்கும் கந்தர்வர்கள், எல்லாம். நாகார்ஜுனகொண்டாவில் தரையில் வட்டமாக ஒரு மேடையும் நாலு திசையிலும் சின்ன நீட்டலும் பார்த்திருப்பீர்கள். அந்த நீட்டல்மேல்தான் அந்த ஐந்து தூண்கள். புத்தரின் பிறப்பு, துறவு, ஞானம், முதல் உபதேசம், பரிநிர்வாணம் ஐந்துக்கும் ஒவ்வொன்று. ஆந்திர ஸ்தூபிகளின் தனி அடையாளம் அது. மேஸ்திரி மகன் பாஷையில் சொன்னால், எழும்பூரில் எலிவேஷன், அங்கே பிளான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வீடு.

அமராவதிக்கே நேரில் போனால் ஒரு மேடும் சுற்றி நட்ட கற்களும்தான். முன்னமே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைத் திட்டாதீர்கள். எழும்பூர் வெள்ளிக்கிழமை கிடையாது.

---

ஓட்டைக்குடை | திங்கள், மதியம் 1.30

வாட்டம், குடுமிக்குழி... இதையெல்லாம் அந்த வழிகாட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஒரு சந்தேகம். மலை உச்சியில் எதற்கு இவ்வளவு விகாரை? தண்ணீருக்கு எங்கே போனார்கள்?

---

விசாகாவாசி | திங்கள், மதியம் 2.10

அவை மலை உச்சியில் கட்டியவையே இல்லை! இதைச் சொல்லாமல் யுனிவர்சிட்டி என்று மட்டும் சொன்னாரா அந்த மனிதர்?

அந்த ஊரின் பெயர் விஜயபுரி. 3ஆம் நூற்றாண்டில் இக்ஷ்வாகு அரசர்களின் தலைநகர். மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் கிருஷ்ணா நதி. நடுவில் இருந்த பள்ளத்தாக்கு முழுக்க விகாரை, ஸ்தூபி, கோயில், அரண்மனை, படித்துறை. பௌத்த இடங்கள் மட்டும் முப்பதுக்கு மேல். 1926இல்தான் கண்டுபிடித்தார்கள். 1955 டிசம்பரில் நாகார்ஜுனசாகர் அணைக்கு நேரு அடிக்கல் நாட்டினார். பள்ளத்தாக்கு மூழ்கப்போகிறது என்று தெரிந்ததால் 1954இலிருந்து 1960 வரை விழுந்து விழுந்து தோண்டினார்கள். முக்கியமானவற்றில் ஒன்பதைக் கல் கல்லாகப் பெயர்த்து மலை உச்சியில் மறுபடி நிறுத்தினார்கள். இன்னும் சிலவற்றுக்குச் சின்ன மாதிரிகள் செய்து வைத்தார்கள். வேறு சில கரையில் அனுப்பு என்ற இடத்துக்குப் போயின. அந்த மலை உச்சிதான் நீங்கள் இறங்கிய தீவு. அசல் ஊர் உங்கள் படகுக்கு அடியில் இருக்கிறது.

அனுப்புவுக்குப் படகு வேண்டாம், வண்டியிலேயே போகலாம். அங்கே படிவரிசையோடு ஓர் அரங்கம் இருக்கிறது. நடுவில் நின்று சாதாரணமாகப் பேசினால் மேல்படியில் கேட்கும். உங்கள் பெண்ணுக்கு அது பிடித்திருக்கும்.

---

ஓட்டைக்குடை | திங்கள், மதியம் 2.25

அப்படியானால் நான் பார்த்தது ஒரிஜினலே இல்லையா! வாட்டம் பார்க்கச் சொன்னீர்களே, அந்த வாட்டம் 1960இல் போட்டதா?

---

மேஸ்திரி மகன் | திங்கள், மாலை 7.50

நல்ல கேள்வி. என்னிடம் நேர்மையான பதில் பாதிதான். பிளான் அசல், கல் பெரும்பாலும் அசல், மண் அசல் இல்லை. இடம் மாறினால் வாட்டமும் மாறும். அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் அந்தச் சக்கர ஸ்தூபியைப் பார்த்தீர்களா? நடுவில் குடம், ஆரக்கால், வெளிவட்டம், வண்டிச் சக்கரம் போலவே சுவர். தர்மசக்கரம் என்று அதற்கு அர்த்தம் சொல்வார்கள், இருக்கட்டும். வேலை தெரிந்தவனுக்கு அது சிக்கனம். முழுக்கச் செங்கல் அடுக்காமல் குறுக்குச் சுவர் வைத்து இடையில் மண் ரொப்பியிருக்கிறார்கள். நாம் பேஸ்மென்ட் கட்டி மண் ரொப்புகிறோமே, அதேதான். ஒரே மேடாக மண்ணைக் கொட்டினால் மழையில் ஊதி வெளிச்சுவரைத் தள்ளும். அறை அறையாகப் பிரித்தால் அந்த அழுத்தம் பிரியும். யாரோ ஒரு தலைமை மேஸ்திரி யோசித்திருக்கிறார். அது இடம் மாற்றினாலும் அழியாத விஷயம்.

---

விசாகாவாசி | திங்கள், இரவு 8.30

மண் ஊதுவதைப் பற்றிச் சொன்னீர்கள். இங்கே விசாகப்பட்டினத்துப் பக்கம் தொட்லகொண்டாவில் திரும்பக் கட்டி வைத்திருந்த மகாஸ்தூபி 2019 அக்டோபர் மழையில் சரிந்து விழுந்தது. மறுநாள் காலை படம் பார்த்து ஊரே அதிர்ந்தது. எனக்கு என்ன தோன்றியது என்றால், 2000 வருஷத்து அடித்தளத்தை அப்படியே விட்டிருந்தால் விழுவதற்கு ஒன்றுமே இருந்திருக்காது.

மற்றபடி நேரில் வருகிறவர்களுக்கு: தண்ணீர் கேள்விக்குப் பதில் தொட்லகொண்டாவில்தான் இருக்கிறது. பீமிலி போகும் கடற்கரைச் சாலையில், கடலைப் பார்த்த மலை. பாறையில் வெட்டிய தொட்டிகள். தெலுங்கிலும் தொட்டிதான், அதனால்தான் மலைக்கு அந்தப் பெயர். 1988 முதல் 1993 வரை தோண்டினார்கள், ரோமானியக் காசுகூடக் கிடைத்தது. பக்கத்திலேயே பாவிகொண்டா. யாரையும் திட்டவில்லை, பாவி என்றால் தெலுங்கில் கிணறு. அனகாபள்ளி பக்கம் சங்கரம் என்ற ஊர், பிக்குகளின் மடத்தைக் குறிக்கும் சங்காராமம் திரிந்து அப்படி ஆனது. அங்கே பாறையிலேயே வெட்டிய ஸ்தூபிகள் வரிசை வரிசையாக நிற்கும் மலைக்கு ஜனங்கள் வைத்த பெயர் லிங்காலகொண்டா. லிங்கம் என்று நினைத்துவிட்டார்கள். நீங்களும் நானும் பார்த்தாலும் அப்படித்தான் நினைப்போம்.

---

உண்மைவிளம்பி | திங்கள், இரவு 11.15

எல்லாம் சரி. இதையெல்லாம் இடித்தது யார் என்று யாரும் பேசவில்லையே? பேச மாட்டீர்கள்.

*(இதைத் தொடர்ந்து வந்த 14 பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. இழை பயணம் பற்றியது. சண்டைக்கு வேறு பகுதி இருக்கிறது. – நிர்வாகி)*

---

ஈயச்சொம்பு | செவ்வாய், காலை 9.20

நீக்கியது நல்லது. ஆனால் விஜயபுரி கல்வெட்டில் இருக்கும் ஒரு விஷயத்தை மட்டும் வைத்துவிட்டுப் போகிறேன். அங்கே அரசன் சாந்தமூலன் அசுவமேதம் செய்தவன், மகாசேனன் என்று நம் முருகனைக் கும்பிட்டவன். அவனுடைய தங்கை சாந்திசிரிதான் அவன் மகன் காலத்தில் மகாசைத்தியம் என்ற பெரிய ஸ்தூபியை எழுப்பியவள். அந்த வம்சத்தில் ஆண்கள் யாகம் செய்ய, பெண்கள் விகாரைக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். வீட்டுக்காரர் பழனிக்கு மாலை போட, வீட்டம்மா வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் குடும்பம் எங்கள் தெருவிலேயே உண்டு. அதிலும் அசுவமேதம் முடிந்து குளித்ததாகச் சொல்லும் தொட்டி ஒன்று ஆமை வடிவில் இருக்கிறது. விகாரைகள் இருந்த அதே பள்ளத்தாக்கில்.

---

கந்தரோடைக்காரன் | செவ்வாய், மாலை 4.45

வணக்கம். கனகாலமாக வாசிப்பவன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

திரும்பக் கட்டுவது பற்றிக் கதைத்தீர்கள். எங்கட யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் பனைகளுக்கு நடுவே மணல் தரையில் சின்னச் சின்னதாக ஒரு கூட்டம் ஸ்தூபிகள் இருக்கின்றன. முருகைக்கல்லில், அதாவது பவளப்பாறைக் கல்லில் கட்டியவை. பால் பீரிஸ் என்ற ஆய்வாளர் 1910களின் கடைசியில் அங்கே கிண்டினார். இன்றைக்கு நீங்கள் காணும் குவிமாடங்களில் பல பிறகு மீளக் கட்டியவை. அடித்தளம் எது, புதுசு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் ஆள் சொல்லும் கதையைத்தான் நம்ப வேண்டி வரும். அங்கே கதைக்குக் குறைவில்லை. இது யாருடைய பௌத்தம் என்ற கேள்வியோடுதான் ஒவ்வொருவரும் வேலிக்குள் நுழைகிறார்கள். தமிழரும் பௌத்தராக இருந்தார்கள் என்று சொன்னால் இரண்டு பக்கத்திலும் சிலருக்குப் பிடிக்காது.

நாகார்ஜுனகொண்டாவுக்கும் எங்களுக்கும் தொடுப்பு உண்டு. அங்கே சிங்கள விகாரை என்று ஒன்று இருந்தது. போதிசிரி என்ற உபாசிகையின், அதாவது துறவு பூணாத பௌத்தப் பெண்ணின், கல்வெட்டில் வரும் நாடுகளின் பட்டியலில் தம்பபண்ணித் தீவு, அதாவது இலங்கை, வருகிறது. அதே பட்டியலில் சிதைந்திருக்கும் ஓர் இடத்தைத் 'தமிள' என்று வாசிக்கிறார்கள். வாசற்படியில் அரைவட்டக் கல் போட்டிருப்பதைக் கவனித்தீர்களா? அனுராதபுரத்தில் அதைச் சந்திரவட்டக்கல் என்போம். யானையும் குதிரையும் செதுக்கியிருக்கும். இரண்டு கரையிலும் ஒரே படி.

---

நாகை நெய்தல் | புதன், காலை 7.00

பார்க்க முழங்கால் உயரச் சுவராவது இருக்கிறது என்று சந்தோஷப்படுங்கள். எங்கள் ஊரில் அதுவும் கிடையாது.

நாகப்பட்டினத்தில், சுமத்ரா பக்கத்து ஸ்ரீவிஜய அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் அப்பா பெயரில் சூடாமணி விகாரை கட்டினான். ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் ஊரை அதற்குக் கொடுத்தான். லெய்டன் செப்பேடு அதைப் பற்றியதுதான். நாகையில் செங்கல்லால் மூன்று மாடிக் கோபுரம் ஒன்று 19ஆம் நூற்றாண்டுவரை நின்றது. சனங்கள் புதுவெளிக் கோபுரம் என்பார்கள், மாலுமிகளுக்கு அது அடையாளம். அமராவதியைத் தோண்டினார் என்று ஈயச்சொம்பு சொன்ன அதே வால்டர் எலியட்தான் 1846இல் வந்து அதைப் பார்த்து எழுதி வைத்தவர். 1867இல் அனுமதி வாங்கி இடித்துவிட்டார்கள். மண்ணிலிருந்து எடுத்த வெண்கலப் புத்தர்கள் முன்னூற்றைம்பதுக்கு மேல். அவையும் எழும்பூரில் கொஞ்சம் இருக்கின்றன.

அதே ஸ்ரீவிஜயக் குடும்பத்துப் பாலபுத்ரதேவன் என்பவன் நாளந்தாவிலும் ஒரு விகாரை கட்டியிருக்கிறான். அங்கே 1ஆம் எண் விகாரையில் 1921இல் கிடைத்த செப்பேடு அதைச் சொல்கிறது. நாளந்தா போனபோது அந்த விகாரையின் முற்றத்தில் கிணற்றடியில் உட்கார்ந்து பூரி சாப்பிடலாம் என்று பார்த்தேன். காவலாளி விரட்டிவிட்டார்.

தமிழ்நாட்டில் தரையாவது பார்க்க வேண்டும் என்றால் பூம்புகார் போகும் வழியில் பல்லவனேஸ்வரம். வரிசையாகச் சில அறைகள், முன்னால் ஒரு தாழ்வாரம், அவ்வளவுதான். அங்கே கிடைத்த புத்தபாதக் கல் ஆந்திரப் பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல்.

---

ஓட்டைக்குடை | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.15

இழையை மறுபடி மேலே கொண்டு வருகிறேன். ஆபீஸ் வேலையாகப் பம்பாய் போயிருந்தேன். கன்ஹேரி போனேன். முதலில் திங்கட்கிழமை போய் வாசலோடு திரும்பினேன். மாமி, நீங்கள் சொன்னது நினைவிருந்தது, அன்றைக்குத் திங்கள் என்பதுதான் நினைவில்லை. இன்றைக்குத்தான் வாய்த்தது.

நல்ல மழை. போரிவலியில் இறங்கி, பூங்கா வாசலில் பஸ் பிடித்து மேலே போனால் படிகளில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. 3ஆம் குகையில் பெரிய புத்தர் இரண்டு பேர் முன்னால் எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் அதைத் தாண்டி மேலே ஏறி, பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு சின்னக் குகைத் திண்ணையில் ஒதுங்கினேன். ஈரம் சொட்டச் சொட்ட உட்கார்ந்துதான் கவனித்தேன். எதிரே பாறையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறது. மேலிருந்து வழியும் தண்ணீர் வாசல் பக்கம் வராமல் அதில் விழுந்து, வளைந்து, திண்ணைக்குப் பக்கத்தில் இருந்த தொட்டியின் வாய்க்குள் போகிறது. கலங்கல் இல்லாத தண்ணீர். கையை நீட்டினால் எட்டும். அந்த ஆள் படுக்கையை விட்டு எழுந்து நாலு எட்டு வைத்தால் குடிதண்ணீர். இதை அவன் வெட்டி எத்தனை நூறு வருஷமோ, இன்றைக்கு மழையிலும் ஒரு சொட்டு வழி தவறவில்லை.

குடுமிக்குழியிலும் விரல் விட்டேன். மழைத்தண்ணீர் தேங்கி உள்ளே ஒரு குட்டித் தவளை. இரண்டு பேருமே பயந்துவிட்டோம்.

வீட்டுக்குப் போன் போட்டு வாய்க்காலைப் படம் பிடித்துக் காட்டினேன். என் மனைவி கேட்டது: "அப்ப அந்தத் தீவுல நம்ம பொண்ணு ஏறி நடந்தது யாரோட பெட்ரூம் சுவரு?"

ஜனவரியில் விசாகப்பட்டினம் போகலாம் என்று இருக்கிறோம். தொட்லகொண்டா, பாவிகொண்டா, சங்கரம். விசாகாவாசி, இரண்டு நாள் போதுமா? மேஸ்திரி மகன், வருகிறீர்களா?

---

விசாகாவாசி | ஞாயிறு, இரவு 8.40

இரண்டு நாள் தாராளம். தொட்லகொண்டாவில் நிழலே இல்லை, காலை ஏழு மணிக்குள் மேலே இருங்கள். குடிக்கத் தண்ணீர் எடுத்து வாருங்கள், தொட்டியை நம்பாதீர்கள்.

---

மேஸ்திரி மகன் | ஞாயிறு, இரவு 9.05

டிக்கெட் போடுங்கள். ரசமட்டம் நான் கொண்டு வருகிறேன்.